கோடிட்ட இடமும் ஜீப்புக்காரனும்

எனக்கும் ஜீப்புக்காரனுக்கும் கொஞ்ச நாள் பேச்சு வார்த்தையே கிடையாது. காரணத்தைக் கேட்டால் சிரிக்கக் கூடாது. வரப்புத் தகராறு இல்லை, மாடு மேய்ந்த தகராறு இல்லை. "ஆடிக் காற்றில் ______ பறக்கும்." இதுதான் காரணம்.

குறுக்கெழுத்துப் போட்டியில் இப்படி ஒரு வரியை நடுவில் வெட்டிக் கோடு போட்டுவிட்டு, நிரப்பு என்பார்கள். அந்த வாரம் கேட்டது ஐந்து கட்டம். பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும், அம்மியும் பறக்கும் என்று. நான் ஆசையாகப் பேப்பரைப் பிரிக்கிறேன், ஐந்து கட்டத்திலும் நீல மையில், அழுத்தி, குண்டு குண்டாக எழுதியிருக்கிறது: தார்ப்பாய்.

"இன்னாடா இது?" என்றேன்.

"பறந்துச்சுக்கா," என்றான் ஜீப்புக்காரன், டீயை உறிஞ்சிக்கொண்டே. "போன ஆடியில வளைவுல திரும்பறப்ப என் வண்டி தார்ப்பாய் பறந்து போய் புளியமரத்துல மாட்டிக்கிச்சு. வண்டியில இருந்தவங்க அத்தினி பேரும் சாட்சி. அம்மி பறந்து யாரு பாத்தாங்க, சொல்லு."

அவனிடம் என்னத்தைச் சொல்ல. எழுதியது பேனாவில். போட்டி விதியோ, அடித்தல் திருத்தல் இருந்தால் சேர்க்க மாட்டோம் என்கிறது. படிவத்தைப் பேப்பரிலிருந்தே வெட்டி அனுப்ப வேண்டும், ஜெராக்ஸ் கூடாது. எங்கள் கடைக்கு வருவது ஒரே ஒரு பேப்பர். ஆக அந்த வாரம் என் கதை முடிந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னைச் சண்டைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். சண்டைக்காரிதான். ஆனால் நியாயத்தோடு சண்டை போடுகிறவள்.

மலை மேல் புதூர்நாட்டில் ஜீப் வந்து நிற்கிற இடத்தில் எங்கள் டீக்கடை. வீட்டுக்காரர் டீ ஆற்றுவார். நான் போண்டா போடுவேன், கடைக்கு வேண்டிய பேச்சையும் நானே பேசிவிடுவேன். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும், அப்படிப்பட்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரிலிருந்து மேலே வருகிற முதல் ஜீப்பில் எங்களுக்குப் பேப்பர் வரும். மற்றவர்கள் எல்லாம் கொலை, சினிமா, தங்கம் விலை என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். கடைசிப் பக்கம் என்னுடையது. அதில் கை வைத்தவனுக்கு அன்றைக்கு ஆறின போண்டா.

குறுக்கெழுத்தில் இரண்டு விதமான கேள்வி உண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவில் இருக்கிற நாட்டின் தலைநகரம், அரபு நாட்டுப் பணம், வடநாட்டு ராஜாவின் குதிரை என்கிற மாதிரி. அதைக் கேட்கிறவனுக்கும் தெரியாது, எங்கேயோ பார்த்து எழுதுகிறான். நான் பன்னிரண்டாவது வரை ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், பிள்ளைகளின் பழைய புத்தகத்தை எல்லாம் கடையில் அடுக்கி வைத்துக்கொண்டு தேடித் தேடிப் போடுவேன். இன்னொன்று கோடிட்ட இடம். பழமொழியோ, வழக்கமோ, பாதி வரியோ. அதற்குப் புத்தகம் வேண்டாம். வாழ்ந்திருந்தால் போதும். தேடி அலுத்த நேரத்தில் அதில் வந்து உட்கார்ந்தால் அப்பாடா என்று இருக்கும். இந்தக் கடன்கார ஜீப்புக்காரன் அந்தக் கட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வழியிலேயே நிரப்பிவிட்டு, ஆப்பிரிக்காவை எனக்கு விட்டு வைப்பான். கேட்டால், "வண்டிக்கு ஆள் சேர்ற வரைக்கும் கம்முனு ஒக்காந்துகினு இருக்க முடியுமா?" என்பான். பலாப்பழத்தில் சுளையைத் தின்றுவிட்டுச் சடையை வைத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், ஒரு புதிரை முழுசாக, சுத்தமாக, சரியாக அனுப்பினால் பேப்பரில் பேர் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, விடைக்குக் கீழே, பேர் ஒரு பக்கம், அதற்கு நேராக ஊர் ஒரு பக்கம். பரிசாக எவர்சில்வர் டப்பா ஒன்றும் அனுப்புவார்களாம். டப்பா யாருக்கு வேண்டும், கடையில் ஆள் உட்கார இடமில்லாமல் டப்பாவாகத்தான் கிடக்கிறது. எனக்கு வேண்டியது என் பேர்.

அந்தப் பேரை இந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் மலையின் அந்தப் பக்கத்துச் சாமைக் கொல்லையில் பிறந்தவள். அங்கே எனக்குப் பாப்பா என்று பேர், மூக்குத்தி குத்தின பிறகும் பாப்பாதான். கட்டிக்கொண்டு இங்கே வந்த மறுநாளிலிருந்து இன்னார் பெண்டாட்டி. கடை வைத்ததும் டீக்கடைக்கா. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இன்னான் அம்மா. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேரைத்தான் கூப்பிடுவார்கள், தலைவர் யார் என்றால் அந்தப் பால் பொங்க விடுகிற மனிதர். அவர் என்னைக் கூப்பிடுவது "இந்தா". தூரத்தில் இருந்தால் "இந்தாமே". அவர் போனில் என் நம்பரை என்ன பேரில் வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். "வூடு" என்று இருந்தது. கோபம் வந்தாலும் சிரித்துவிட்டேன். என்னுடைய பேர் ஆதார் அட்டையில் இருக்கிறது, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

இதில் நாத்தனார் வேறு. அவளைப் போளூரில் கொடுத்திருக்கிறது. போன வருஷம் அவள் பேர் இதே போட்டியில் வந்துவிட்டது. அதை வெட்டி, லேமினேட் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் குங்குமம் வைத்திருக்கிறாள். ஆப்பிரிக்கா வந்தால் அவள் போனில் தட்டிப் பார்த்துக்கொள்வாள். எங்களுக்கு டவர் வேண்டுமானால் கடைக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏற வேண்டும். அங்கே ஏறி நின்று தலைநகரமா தேடுவார்கள்?

"அண்ணி, உங்க மலையில ஒருத்தர் பேராச்சும் பேப்பர்ல வந்துக்கீதா?" என்று ஒரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு, "சும்மா கேட்டேன் அண்ணி," என்றாள். அந்தச் சும்மாவுக்காகவே நான் ஜெயித்தாக வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

தார்ப்பாய் சங்கதிக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். ஒரு மஞ்சள் பையை எடுத்து வாயில் நாடா கோத்து, பேப்பர் ஏஜென்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பேப்பரை இதற்குள் போட்டு, இன்ன மாதிரி முடிச்சுப் போட்டு அனுப்புங்கள் என்று சொல்லி, அவர் ஒரு நாள் மலைக்கு வந்தபோது முடிச்சையும் போட்டுக் காட்டினேன். அது எங்கள் அப்பா சாமை மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. தெரிந்தவன் ஒரே இழுப்பில் அவிழ்ப்பான். தெரியாதவன் எலியாகப் பிறந்தால்தான் உண்டு.

முதல் ஞாயிறு பை வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது, ஆனால் நாடா ஈரமாக இருந்தது. பல்லால் கடித்துப் பார்த்திருக்கிறான்.

"பனிக்கா," என்றான்.

"பனிக்குப் பல்லு மொளைச்சுக்கீதா?" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. டீ மட்டும் கொடுப்பேன். அவனும் தினம் எடுத்துப் போகிற இரண்டு போண்டா பொட்டலத்தை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு போவான். கடைக்கு வந்தால் அமைதியாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிறு, கடவுள் கண்ணைத் திறந்தார். உட்கார்ந்தேன், விறுவிறுவென்று வருகிறது. ஆப்பிரிக்காவும் வந்தது, அரபுப் பணமும் வந்தது. மதியம் கூட்டம் குறைகிற நேரத்தில் எல்லாம் முடிந்து, கீழ் மூலையில் இரண்டே இரண்டு மிச்சம். இரண்டும் கோடிட்ட இடம், இரண்டும் மூன்று கட்டம். குறுக்கே போவது: "______, இரண்டு, மூன்று (எண்ணும் வழக்கம்)." மேலிருந்து வருவது: "______ நிறைந்தால் வாய் பாடும்." இரண்டுக்கும் கடைசி எழுத்து பொது.

முதல் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கொல்லையில் பிறந்த எவளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வாள். லாபம். களத்தில் சாமையைக் குவித்து வைத்து, படியில் முதல் படி அள்ளி மூட்டையில் போடும்போது லாபம் என்று சொல்லித்தான் போடுவோம். அப்புறம் இரண்டு, மூன்று. குவியலுக்கு முன்னால் நின்று ஒன்று என்று சொன்னால் எங்கள் அப்பா படியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போகச் சொல்வார். அதிலும் அடைப்புக்குறிக்குள் வழக்கம் என்று வேறு போட்டிருக்கிறான். வெறும் ஒன்று என்றால் அதை ஒரு கேள்வி என்று கேட்பானா? அங்கன்வாடிப் பிள்ளைக்கா போட்டி வைக்கிறான்? லா, ப, ம். மூன்று கட்டம், சட்டை தைத்த மாதிரிப் பொருந்தியது.

ம் வந்துவிட்டதால் இன்னொன்று மனம் என்று ஆயிற்று. மனம் நிறைந்தால் வாய் பாடும். என் மனமும் அப்போது பாடிக்கொண்டுதான் இருந்தது.

"ஒன்று," என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

ஜீப்புக்காரன். அவன் வந்ததையே பார்க்கவில்லை. பேசாமல் இருந்தவன் இதற்காக வாயைத் திறந்துவிட்டான்.

"ஒன்று, இரண்டு, மூன்று. அப்பறம் கீழ வர்றது வயிறு. டீக்கட வெச்சுக்கினு, வயிறுன்னு எழுதாம மனம்னு எழுதுறியேக்கா, ஞாயமா?"

எனக்கு வந்ததே கோபம். கடையில் இருந்தவர்களை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "படி அளக்கறப்ப மொத படிக்கு இன்னா சொல்லுவீங்க?" லாபம் என்றார் புளி ஏற்ற வந்தவர். லாபம் என்றாள் பலாப்பழக்காரி. தினமும் கடைக்கு வந்து கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் உரக்கப் படிக்கிற பெரியவர் ஒருவர் உண்டு, மருந்துச் சீட்டிலிருந்து தீப்பெட்டி வரைக்கும் படிப்பார். அவர், "லாபம்னுதான் சொல்லணும், வேற சொன்னா வெளங்குமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வீட்டுக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "லாபம்," என்றார். பால் பொங்கியது.

"நீங்க அத்தினி பேரும் சாமை அளக்கறவங்க," என்றான் ஜீப்புக்காரன். "பேப்பர்காரன் எங்க அளந்தான்? நான் வண்டியில ஆள் எண்றவன். எனக்கு மொத ஆளு ஒன்று. மேல கேரியர்ல ஏர்றான் பாரு, அவன்தான் லாபம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படிவத்தை வெட்டி, பேரும் ஊரும் எழுதி, கவரில் போட்டு, பசை இல்லாததால் சோற்றுப் பருக்கையை வைத்துத் தேய்த்து ஒட்டினேன். மலைத் தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேருமோ என்று எப்போதும் அவனிடம்தான் கொடுப்பேன், பேசாமல் இருந்த நாளிலும் கொடுப்பேன். சண்டை வேறு, தபால் வேறு.

"தப்புக்கா," என்றான், கவரை வாங்கிக்கொண்டு.

"கம்முனு எட்த்துக்கினு போ."

அன்று சாயங்காலமே பாறை மேல் ஏறி நாத்தனாருக்குப் போன் போட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை பேப்பரைக் கொஞ்சம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார் என்று சொன்னேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு வாரமும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாவு கரைக்கும்போதுகூட என் பேரை அச்செழுத்தில் நினைத்துப் பார்ப்பேன். இன்ஷியல் முன்னாடி போடுவானா, பின்னாடி போடுவானா என்று யோசிப்பேன். ஒரு நாள் போண்டாவில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்தது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. ஜீப் வந்து நின்றதும் பையைப் பிடுங்கி, முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். கண் நேராக அந்த மூலைக்குத்தான் போயிற்று.

ஒன்று. வயிறு.

அதற்குக் கீழே நான் பார்க்கவே இல்லை. என்ன இருக்கிறது பார்க்க?  நாத்தனார் இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவகாசமாகத் தேடிக்கொண்டிருப்பாள். ஜீப்புக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேனா இல்லியா?" என்று இளித்தான். அந்த இளிப்பு மட்டும் இல்லாவிட்டால் நான் கொஞ்சம் பொறுமையாக இருந்திருப்பேன்.

கடைசிப் பக்கத்தை அங்கேயே நாலாய் எட்டாய்க் கிழித்தேன். போண்டா மடிக்கிற காகிதக் கட்டின் மேலே வைத்தேன். முதல் துண்டில் அவனுக்கு இரண்டு போண்டாவை வைத்து மடித்து, "இந்தா, உன் ஒன்று, ரெண்டு," என்று நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு, வண்டியில் ஆள்களை அடைத்துக்கொண்டு நெல்லிவாசல் பக்கம் போய்விட்டான். மீதித் துண்டுகளையும் வந்தவர்களுக்கெல்லாம் மடித்து மடித்துக் கொடுத்தேன். எண்ணெயில் ஊறிப் போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று இருந்தது.

பெரியவர் போண்டாவைத் தின்று முடித்துவிட்டு, வழக்கம்போல் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். "ஆரணி. செய்யாறு. கலசபாக்கம். புதூர்நாடு. வந்தவாசி." நிறுத்தினார். "இந்தாமே, நம்ம ஊரு பேப்பர்ல கீது."

"இன்னா ஊரு?"

"புதூர்நாடுன்னு போட்டுக்கீது. பேரு இல்ல. வெறும் ஊரா கீது."

நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மெய்யாலுமே புதூர்நாடு. ஜெயித்தவர்கள் பட்டியலில் ஊர்கள் இருக்கிற பாதி பெரியவர் கையில். பேர்கள் இருக்கிற பாதியை என் கையாலேயே கிழித்து எவனுக்கோ கொடுத்திருக்கிறேன். பெஞ்சில் இருந்தவர்கள் கையிலிருந்த துண்டுகளை எல்லாம் பிடுங்கினேன். ஒருவர் கை துடைத்துப் போட்டதைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து விரித்தேன். எதிலும் அந்தப் பாதி இல்லை. அப்போதுதான் உறைத்தது, முதல் துண்டு யாருக்கு மடித்தேன் என்று.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. என்னுடையது தப்பான விடை. அது ஜெயித்திருக்காது. அப்படியானால் புதூர்நாட்டில் ஒன்று என்று எழுதுகிறவன் யார்? இந்த மலையிலேயே ஒரே ஆள்தான். என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கீழே போய் ஒரு பேப்பரை வாங்கி, அவன் பேரில் அனுப்பியிருக்கிறான். மலையிலிருந்து பேப்பரில் வருகிற முதல் பேர் அந்தத் தார்ப்பாயுடையது. நான் தலைநகரம் தலைநகரமாகத் தேடினதெல்லாம் அவனுக்கு. அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் நறுக்குகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் பாவம், இன்னும் நாலு வெங்காயம் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது ஹாரன் சத்தம். நெல்லிவாசலுக்குப் போன ஜீப் பாதி வழியில் திரும்பி வருகிறது. உள்ளே ஆள்கள் அப்படியே இருக்கிறார்கள், ஒருத்தி கோழியை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கள எதுக்குய்யா திருப்பி இட்டுனு வந்த?" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். ஜீப்புக்காரன் குதித்து இறங்கினான். ஒரு கையில் பாதி தின்ற போண்டா, இன்னொரு கையில் எண்ணெய்க் காகிதம்.

"உன் பேர நீயே தூக்கிக்கினு வந்து காட்டுறியா?" என்றேன். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனாலும் சத்தமாகச் சொன்னேன்.

"என் பேரா? படிக்கா."

எண்ணெய் பட்டு அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு ஊறியிருந்தது. விளிம்பில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. நடுவில் என் பேர். வீட்டுக்காரர் இன்ஷியல் முன்னாடி, பேர் பின்னாடி. ஒரு எழுத்து தப்பில்லை. பெரியவர் கையிலிருந்த துண்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். கிழிசலுக்குக் கிழிசல் சேர்ந்தது. காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் டீ டம்ளரை வைத்தேன்.

"நான் லாபம்னு இல்ல எழுதுனேன்?"

"உன்னுதயும் போட்டேன். இன்னொன்னும் போட்டேன்," என்றான். "நீ முடிச்சுப் போட்டதுலேர்ந்து நான் கீழ எனக்குன்னு ஒரு பேப்பர் வாங்குறேன். இன்னா பண்றது, பழகிப் போச்சு. அன்னிக்கு உன் கவரப் பிரிச்சு எல்லாத்தயும் பாத்து அதுல எழுதிட்டு, ரெண்டே ரெண்டு மட்டும் மாத்தி, உன் பேருல அனுப்பிட்டேன். உன்னுத மறுபடியும் ஒட்டிப் போட்டுட்டேன்."

"என் கவர எதுக்குடா பிரிச்ச?"

"சோத்துப் பருக்கையில ஒட்டுனா பிரிக்காம இன்னா பண்ணுவாங்க?"

"அப்ப ஜெயிச்சது நீ. நான் இல்ல."

"ஆப்பிரிக்கால்லாம் எனக்கு இன்னா தெரியும்? மொத்தமும் நீ போட்டது, மூலையில கொஞ்சந்தான் என்னுது."

"உன் பேருலயே போட்டுக்க வேண்டியதுதானே?"

"எனக்கு எதுக்குக்கா?" என்றான், ஜீப்பைத் திரும்பிப் பார்த்து. "என் பேருதான் வண்டி மூஞ்சியில இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் எழுதிக்கீதே. காட்டுல கரடி கூடப் படிக்கும். உன் பேர நான் அந்தக் கவர் மேலதான் பாத்தேன், வாரா வாரம். நல்ல பேரா இருக்குது, எங்கியும் காணலியேன்னு தோணிச்சு."

அவனைத் திட்டுவதற்கு நாலு வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் கோழிக்காரி ஹாரனை அடிக்கவும் அவன் கிளம்பினான். இரண்டு போண்டா சூடாக மடித்துக் கொடுத்தேன், வெள்ளைக் காகிதத்தில். அதற்காக ஒன்று என்பது சரியான விடை என்று நான் ஒப்புக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பேப்பர்காரனுக்குச் சாமை அளக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பெரியவர் பெஞ்சில் குனிந்து, எழுத்துக் கூட்டி என் பேரை உரக்கப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "யாரு இது? நம்ம ஊர்ல இந்தப் பேருல யாரும் கெடயாதே."

பலாப்பழக்காரி யோசித்தாள். "மேல் தெருவுல புதுசா வந்துக்கீதே ஒரு பொண்ணு, அதுவா?"

வீட்டுக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கியோ கேட்ட பேரா இருக்குது," என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது.

"நான்தான்," என்றேன்.

 எல்லாரும் ஒரு தடவை காகிதத்தைப் பார்த்தார்கள், ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள். சாயங்காலம் பாறை மேல் ஏறியபோது நாத்தனார் போன் வந்தது. "அண்ணி, உங்க ஊர்ல உங்க பேருலயே இன்னொருத்தர் கீறாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன், அவள் இரண்டு நாள் குழம்பட்டும் என்று.

ஆனால் அது சாயங்காலம். அதற்கு முன்னால், அந்தப் பெஞ்சில், பெரியவர் இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக இந்தாமே என்று டம்ளரைத் தட்டுகிறவர். தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, காகிதத்தை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, என் பேரைச் சொல்லி, கூடவே ஒரு அம்மாவும் சேர்த்து, "ஒரு டீ குடும்மா," என்றார்.

நான்தான் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவரும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்.